இரும்பில் பொறித்தாலும் நிற்கும் இலச்சினை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவையாக அமைந்துவிட்டன. ‘ரக்டு’ என்று துறையில் அழைக்கப்படும், தூசியையும் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்கி ஆலைகளில் ஓடும் கணினிகளைச் செய்கிற சிறு நிறுவனங்கள், தங்களுக்கென்று ஓர் இலச்சினையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதே அந்தப் பொருள். நான் நீண்ட காலமாக வரைந்து வருவதும் இத்துறைக்குத்தான் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விரிவாக விடை எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் நண்பரும் நூற்பாலைகளுக்கும் ஃபவுண்டரி என்னும் வார்ப்பாலைகளுக்கும் மின்விசிறி இல்லாத கணினிகளைச் செய்து கொடுக்கிறோம். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் பெட்டிகள், இயந்திரம் செய்யும் நிறுவனங்களின் பெயரிலேயே ஆலைக்குள் போயின. இப்போது சொந்தப் பெயரில் விற்கத் தீர்மானித்து, ஒருவரிடம் இலச்சினை வரைந்து வாங்கினோம். ஒரு பல்சக்கரம், அதற்குள் கேடயம், கேடயத்துக்குள் மின்சுற்றுக் கோடுகள், நீலத்திலிருந்து பச்சைக்கு மெல்ல மாறும் வண்ணம், கீழே ஆங்கிலத்தில் ஒரு வாசகம். திரையில் மிக அழகாக இருக்கிறது. ஆனால் பெட்டி செய்து தருபவர், “இதை அலுமினியத்தில் கொண்டுவர முடியாது” என்கிறார். அவர் சொல்வது சரியா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அவர் சொல்வது சரி. வரைவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருந்தால் இந்த இலச்சினை வேறு விதமாகப் பிறந்திருக்கும். நாம் பெரும்பாலும் ஓர் இலச்சினையை வெள்ளைத் திரையில், பெரிய அளவில், பளிச்சென்ற வண்ணத்தில் பார்த்து ஒப்புதல் தருகிறோம். உங்கள் இலச்சினை வாழப்போகும் இடம் அதுவல்ல. ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரம் ஓடும் கூடத்தில் பஞ்சு படிந்த முகப்பிலும், ஃபவுண்டரியின் கருமண் தூசிக்கு நடுவிலும், எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மங்கிய மூடியிலும் அது பத்து ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆகவே, உலோகத்தில் எது நிற்குமோ அதை முதலில் வரைந்து, அதற்குப் பிறகே திரைக்கும் காகிதத்துக்கும் கொண்டுபோங்கள்.

சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அதில் மை இல்லை, வண்ணம் இல்லை. மேடும் பள்ளமும் மட்டுமே இருக்கின்றன. ஆயிரம் கைகள் தேய்த்த பிறகும் அதன் மேல் இருப்பது என்னவென்று நமக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்து, 2010இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்ச் சின்னம், 2011 முதல் நாணயங்களில் இடம்பெற்று வருகிறது. கடைப்பலகையில் ஓர் அடி உயரத்திலும் நாணயத்தில் சில மில்லிமீட்டர் உயரத்திலும் அது ஒன்றாகவே தெரிவதற்குக் காரணம், அதில் தொலைந்துபோகக்கூடிய நுணுக்கம் எதுவும் இல்லை என்பதுதான். தொழிற்சாலைக் கணினிக்கு வரைபவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் இல்லை என்று நான் நம்புகிறேன்.

உங்கள் பெட்டி செய்பவர் ஏன் முடியாது என்றார் என்பது விளங்க வேண்டுமானால், அவருடைய பட்டறையில் ஒரு குறி எந்தெந்த வழியில் உலோகத்தின் மேல் ஏறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கறுப்பு அனோடைசிங் செய்த, அதாவது மேற்பரப்பை மின்வேதி முறையில் கடினமாக்கிச் சாயம் ஏற்றிய அலுமினியத்தில் லேசர் மார்க்கிங் செய்தால், லேசர் பட்ட இடத்தில் சாயம் வெளுத்து வெண்சாம்பல் நிறக் குறி கிடைக்கும். கிடைப்பது அந்த ஒரு நிறம்தான். நீலத்துக்கும் பச்சைக்கும் அங்கே இடமில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் வேண்டும், இரண்டாவது நிறம் முதல் நிறத்தோடு விலகாமல் பொருந்த வேண்டும். மயிரிழைக் கோடுகள் மையில் அடைபடும், அல்லது இடையில் அறுந்துபோகும். உருகிய உலோகத்தை உருக்கு அச்சில் செலுத்தி வார்க்கும் டை காஸ்டிங்கில் எழுத்தை மேடாக எழுப்பலாம். ஆனால் வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வருவதற்காக ஒவ்வொரு பக்கமும் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும் என்பதால், மிக நெருங்கி நிற்கும் இரண்டு கோடுகள் அடியில் ஒன்றாகிவிடும். கணினிக் கட்டளைப்படி வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் குடைந்தால், வெட்டும் கருவி உருளை வடிவானது என்பதால், உள்மூலைகள் யாவும் அந்தக் கருவியின் ஆரத்துக்கு வளைந்தே வரும். பொருளை அனுப்பும் மரப்பெட்டியின் மேல் ஓட்டைத் தகட்டை (ஸ்டென்சில்) வைத்துப் பெயின்ட் அடிக்கும்போது, வட்டத்துக்குள் இருக்கும் வட்டம் கழன்று விழுந்துவிடும் என்பதால், அதைத் தாங்க ஒரு சிறு பாலம் விட்டே வெட்டியாக வேண்டும். உங்களுடைய இலச்சினை இந்த ஐந்து வழிகளில் ஒன்றில்கூடத் தேறாது.

வண்ணப் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங்கைப் பற்றி நான் அனுபவத்தில் அறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் கொண்ட குறி ஒன்றை வரைந்தேன். வளையங்களுக்கு இடையே 0.3 மில்லிமீட்டர் பள்ளம். மாதிரியைக் குடைந்து காட்டியபோது துல்லியமாக இருந்ததால் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். பெட்டிகள் பவுடர் கோட்டிங் முடிந்து வந்தபோது, மூன்று வளையங்கள் இருந்த இடத்தில் மங்கலான ஒரு வட்டுதான் இருந்தது. அந்தப் பூச்சின் கனம் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் அது ஏறினால் 0.3 மில்லிமீட்டரில் 0.16 வரை போய்விடும், அடுப்பில் உருகி அடியில் தேங்குவது வேறு. அந்தக் கணக்கை நான் போடவில்லை. வீணான மூடிகளின் செலவு அந்த நிறுவனத்தின் மேல் விழுந்ததை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அன்றிலிருந்து, பூச்சுக்கு முந்திய மாதிரியை வைத்து எதற்கும் ஒப்புதல் தருவதில்லை.

இடத்தையும் பார்க்க வேண்டும். மேடான எழுத்தின் ஓரங்களில் பஞ்சு சிக்கும் என்றாலும், அழுத்தக் காற்றை ஒருமுறை அடித்தால் போய்விடும். குழிந்த எழுத்துக்குள் எண்ணெயோடு கலந்து இறுகிய தூசி அவ்வளவு எளிதில் போகாது. உணவுப் பொருள் ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போகும் கணினிகளில் மேடும் கூடாது, குழியும் கூடாது. கழுவும்போது அழுக்குத் தங்கும் இடம் எதுவும் இருக்கக்கூடாது என்பது அங்கே முதல் தேவை. அத்தகைய முகப்புகளுக்குப் பாலிகார்பனேட் படலத்தின் பின்பக்கத்தில் அச்சடித்து ஒட்டுவதே சிறந்தது; மை படலத்துக்கு அடியில் இருப்பதால், மேலே எத்தனை முறை துடைத்தாலும் அழியாது. வெளிப்புறத்தில் அச்சடித்த குறியோ, ஷிப்டு முடியும்போது தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் (பனியன் துணிக் கழிவு) துடைக்கப்பட்டு, சில மாதங்களில் பாதியாகிவிடும்.

இனி உருவத்துக்கு வருகிறேன். பல்சக்கரம், கேடயம், மின்னல், மின்சுற்றுக் கோடு ஆகிய நான்கையும் தொழிற்பேட்டையின் எந்தத் தெருவில் நடந்தாலும் பெயர்ப்பலகைகளில் காணலாம். பத்துப் பேர் அணிந்த சட்டையை நீங்களும் அணிந்தால், கூட்டத்தில் உங்களை யாரும் அடையாளம் காணமாட்டார்கள். பல்சக்கரம் 10 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கும்போது பற்கள் ஒட்டி வெறும் வட்டமாகிவிடுவது மற்றொரு குறை. எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை, அவை உங்கள் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது. உங்கள் கணினியில் பல்சக்கரமே கிடையாது. அதில் இருப்பவை வேறு: விசிறி இல்லாததால் உடலின் வெப்பத்தைக் காற்றில் விடுவதற்காக வரிசையாக நீளும் அலுமினிய ஃபின்கள், அதிர்விலும் கழலாமல் திருகிப் பூட்டும் எம்12 இணைப்பிகளின் வட்ட முகங்கள், மின்பெட்டிக்குள் கருவிகளை மாட்டும் 35 மில்லிமீட்டர் உலோகப் பட்டையான டின் ரெயிலைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி, நான்கு மூலைகளிலும் ஆழப் பதிந்த திருகுகள். இவற்றில் ஒன்றை எடுத்து, உங்கள் பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்துப் பாருங்கள். வாடிக்கையாளர் தம் ஆலையில் நாள்தோறும் பார்க்கும் வடிவம் என்பதால், விளக்கம் சொல்லாமலேயே அது அவருக்குப் புரியும்.

ஃபின்களை எடுத்துக்கொண்டால் ஓர் எச்சரிக்கை. கோடுகளால் ஆன கணினி நிறுவன இலச்சினை என்றதும் ஐ.பி.எம். நினைவுக்கு வரும். அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1972இல் அதற்கு எட்டுப் பட்டைகள் கொண்ட வடிவத்தைத் தந்தார். ஐ ஒல்லியான எழுத்து, எம் அகலமான எழுத்து. சமமற்ற அந்த மூன்று எழுத்துகளையும் குறுக்கே ஓடும் பட்டைகள் ஒரே துணியில் நெய்ததுபோல் கட்டிவைத்தன. பட்டைகளுக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. உங்கள் குறியிலும் கோடுகளுக்கு அப்படி ஒரு வேலை இருந்தால் மட்டுமே வையுங்கள். வைத்தால் மூன்று போதும், கோட்டின் கனமும் இடைவெளியும் சமமாக இருக்கட்டும். உங்கள் மிகச் சிறிய பொருளின் மேல் அந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் வரும் என்று கணக்கிட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வரையத் தொடங்குங்கள்.

வலிமையைக் காட்டக் கேடயம் தேவையில்லை. எழுத்தின் உடலே அதைக் காட்டும். அடிப்பகுதி கனத்து, முனைகள் தட்டையாக வெட்டப்பட்டு, வெளிமூலைகள் 45 பாகையில் சீவப்பட்ட எழுத்து, தரையில் ஊன்றி நிற்பதுபோல் தோன்றும். சில நேரங்களில் பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பானாசோனிக் 1996இல் கொண்டுவந்த மடிக்கணினிக்கு டஃப்புக் என்று பெயரிட்டது. உறுதி என்னும் பொருள் சொல்லிலேயே வந்துவிட்டபின் படத்தில் மீண்டும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இலச்சினைக்குக் கீழே உள்ள ஆங்கில வாசகத்தை எடுத்துவிடுங்கள். அதை விளம்பரத்தில் போடலாம். பெட்டியின் மேல் அது ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் படிக்க முடியாத தூசிக்கோடாகவே தெரியும்.

வண்ணத்தில் ஆலைக்கென்று ஒரு மொழி உண்டு, அதை மீறக்கூடாது. இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐ.இ.சி. 60204-1 என்னும் உலகத் தரத்தின்படி, அவசர நிறுத்தப் பொத்தான் சிவப்பாகவும் அதன் பின்புலம் மஞ்சளாகவும் இருக்க வேண்டும். விளக்குகளில் சிவப்பு ஆபத்தையும் மஞ்சள் வழக்கத்துக்கு மாறான நிலையையும் பச்சை வழக்கமான நிலையையும் குறிக்கின்றன. அவசரத்தில் ஒரு தொழிலாளியின் கண் சிவப்பைத் தேடும்போது உங்கள் இலச்சினை அதன் வழியில் நிற்கக்கூடாது. முகப்பில் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மின்பெட்டிகள் பலவற்றின் நிறம், நிறங்களுக்கு எண் தரும் ஆர்.ஏ.எல். பட்டியலில் 7035 என்னும் வெளிர் சாம்பல். அதன் மேல் கறுப்போ அடர்நீலமோ நன்றாக நிற்கும். சோடியம் ஆவி விளக்கு எரியும் பழைய கூடங்களில் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், நிறத்தை வைத்து மட்டும் அடையாளம் காணும்படி எதையும் அமைக்காதீர்கள்.

புதிய வரைவு வந்ததும், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேசர் ஜாப் ஒர்க் செய்யும் ஒருவரிடம், நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் தகட்டுத் துண்டில், 8, 12, 25 மில்லிமீட்டர் அகலங்களில் மூன்று குறிகளைப் போட்டு வாங்குங்கள். அதன் மேல் கிரீஸைத் தடவி, பனியன் வேஸ்ட்டால் ஐம்பது முறை துடையுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆலையில் இயந்திரத்தின் மேல் வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, இதற்கு முன் அதைப் பார்த்திராத ஒரு ஃபிட்டரிடம் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். திரையைப் பார்த்து நாம் சொல்லும் கருத்தைவிட அவர் சொல்லும் விடையை நான் மதிப்பேன். வடிவமைத்தவரிடம் கடைசியாகக் கேட்டு வாங்க வேண்டியது, ஒரே நிறத்தில் அமைந்த, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பும், பட்டறைக்காரர் நேராக இயந்திரத்தில் ஏற்றக்கூடிய, கோடுகள் யாவும் மூடப்பட்ட டி.எக்ஸ்.எஃப். கோப்பும் ஆகும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பெயர் தமிழ்ச் சொல். இலச்சினையையும் தமிழ் எழுத்திலேயே அமைக்க வேண்டும் என்பது என் ஆசை. உடன் இருப்பவர்கள், தொழிற்சாலைப் பொருளுக்கு அது பொருந்தாது என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன? (திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பொருந்தும், அம்மா. ஆனால் எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும், முதலில் புள்ளியில். தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் பொறிக்கும்போது புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டருக்கும் கீழே வரும். பூச்சில் அது நிரம்பிவிடலாம், தேய்மானத்தில் முதலில் மறைவதும் அதுவே. நம் முன்னோருக்கும் இதே இடர் இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால், ஏடுகளில் மெய்யெழுத்தைப் புள்ளியில்லாமலேயே எழுதினார்கள். கல்வெட்டுகள் பலவற்றிலும் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாட்டைக் காட்டவும் அந்நாளில் புள்ளியையே நம்பியிருந்ததால் படிப்பவர்கள் தடுமாறினார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்ததாக அறிகிறோம். எழுதும் பொருள் எதைத் தாங்காதோ அதை விட்டுவிட்டு, தாங்கக்கூடிய வேறொரு வடிவத்தைத் தேடிய மரபு நம்முடையது. அலுமினியத்துக்கும் அதையே செய்யலாம் என்பதால், உங்கள் ஆசையைக் கைவிட வேண்டாம் என்கிறேன்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முழுப் பெயரையும் குறியாக்காமல், முதல் எழுத்தை மட்டும் குறியாக்குங்கள். முழுப் பெயர் பக்கத்தில் தனியாக வரட்டும். ட, ப போன்றவை நேர்கோடுகளால் ஆனவை; அவற்றைத் தடித்த பட்டையாக வரைந்தால், ஷீட் மெட்டலை வளைத்துச் செய்ததுபோலவே இருக்கும். ட என்னும் எழுத்தை ஒரு எல்-ஆங்கிள் பிராக்கெட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே வியப்பாக இருக்கும். ண, ஞ, ழ போன்றவற்றில் சுழிகள் நெருங்கியிருப்பதால், சிறிய அளவில் உட்குழி அடைந்துவிடும். உங்கள் பெயர் அத்தகைய எழுத்தில் தொடங்கினால், சுழியின் உள்வெளியை வழக்கத்தைவிட அகலமாக்கி, சுழிகளை அரைவட்டங்களாக எளிமைப்படுத்துங்கள். அச்சுக்கு வந்திருக்கும் ஆயத்த எழுத்துருவை அப்படியே எடுத்துப் பொறிக்க வேண்டாம். அவை காகிதத்துக்கும் திரைக்கும் செய்யப்பட்டவை. புள்ளி தவிர்க்க முடியாததானால், அதைக் கோட்டின் கனத்துக்குச் சமமான சதுரமாகவோ சாய்சதுரமாகவோ வைத்து, எழுத்திலிருந்து போதுமான தூரம் தள்ளி அமைக்கவும்.

ஏற்றுமதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். ஒற்றைத் தமிழ் எழுத்து, தமிழ் அறியாதவருக்கு ஒரு வடிவமாகத் தெரியும். அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர் இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

கேள்வி: எங்கள் கணினி, தூசியும் நீரும் புகாமையைக் காட்டும் ஐ.பி.67 சோதனையிலும், அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்.டி.டி.-810 சோதனையிலும் தேறியது. இவ்விரண்டையும் இலச்சினையின் பகுதியாகவே வைத்துவிட்டால் நம்பிக்கை கூடாதா? (ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வைக்காதீர்கள். ஐ.பி.67 என்பதில் 6 தூசி முற்றிலும் புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் இருந்தாலும் கேடு இல்லை என்பதையும் குறிக்கின்றன. அது அந்த ஒரு மாடலின் தன்மை. நாளை நீங்கள், நீரில் மூழ்குவதற்கு உரியதல்லாத ஐ.பி.65 மட்டுமே உள்ள மலிவான மாடலைக் கொண்டுவந்தால், அதன் மேல் உங்கள் இலச்சினையே பொய் சொல்லும். மில்-எஸ்.டி.டி.-810 என்பது விழுதல், அதிர்வு, உப்புப் பனி, மணல் எனப் பல சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தெந்த முறைகளில், எந்த அளவில் சோதித்தீர்கள் என்று சொல்லாமல் அந்தப் பெயரை மட்டும் போடுவதற்குப் பொருளே இல்லை, அமெரிக்க ராணுவம் உங்கள் பொருளுக்குச் சான்று வழங்கியதாகவும் அது ஆகாது. இந்த விவரங்களுக்கு உரிய இடம், பின்பக்கத்தில் மின்னழுத்தமும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கும் விவரத் தகடு.

கேள்வி: எங்கள் பாக்ஸ் கணினியை வாடிக்கையாளர்கள் சுவரில் நேராகவும் படுக்கையாகவும், சிலர் தலைகீழாகவும் மாட்டுகிறார்கள். பாதி இடங்களில் எங்கள் பெயர் தலைகீழாக நிற்கிறது. இதற்கு வழி உண்டா? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு, அதுவும் கணினித் துறையிலேயே புகழ்பெற்ற முன்மாதிரியோடு. 1982இல் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் இலச்சினையை வடிவமைத்தவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வான் பிராட். சதுரமாக அமைந்த அதில், யு, என் எழுத்துகளின் வளைவுகளே அடுக்கப்பட்டு எஸ் ஆகவும் தெரிவதால், எந்தப் பக்கம் திருப்பினாலும் சன் என்றே படிக்கலாம். தொடக்கத்தில் பக்கவாட்டில் சமமாக அமர்ந்திருந்த சதுரம், பின்னாளில் ஒரு முனையில் நிற்கும்படி திருப்பப்பட்டது. அப்போதும் குறி மாறவில்லை.

எல்லாப் பெயருக்கும் அத்தகைய நல்வாய்ப்பு அமையாது. ஆகவே குறியையும் பெயரையும் பிரித்துவிடுங்கள். குறியைக் கால்சுற்று, அரைச்சுற்றுத் திருப்பினாலும் மாறாத வடிவமாக அமைத்து உடலில் நிலையாகப் பொறியுங்கள். பெயரைச் சதுரமான தனி நேம் பிளேட்டில் போட்டு, நான்கு திசையிலும் பொருத்தக்கூடிய குழியில் வையுங்கள். மாட்டுபவர் கையாலேயே திருப்பிப் பொருத்திக்கொள்வார். கருவிகளை அடுக்கும் 19 அங்குல அகலச் சட்டமான ரேக்கில் செல்லும் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே ஒரு யூனிட்டின், அதாவது ஓர் அடுக்கின் உயரம் 44.45 மில்லிமீட்டர்தான், உயரமான குறிக்கு இடமில்லை. எனவே அகலவாட்டில் நீளும் அமைப்பு ஒன்றையும் தொடக்கத்திலேயே வரைந்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இலச்சினைக்கு உரிய தொகையை வடிவமைப்பாளருக்குக் கொடுத்துவிட்டோம், ரசீதும் இருக்கிறது. இனி அது எங்களுக்கே சொந்தம்தானே? பதிவு செய்வது எப்படி? அடுத்த மாதம் டை காஸ்டிங் அச்சுக்கு ஆர்டர் கொடுக்கிறோம். (அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ரசீது மட்டும் போதாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, படைத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர்; அவர் உங்கள் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்து, அந்த வேலையின் பகுதியாக வரைந்திருந்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் உரிமை உங்களுடையது. வெளியிலிருந்து வரைந்து கொடுத்தவரானால், அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். அதில் காலத்தையும் எல்லையையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 19ஆம் பிரிவின்படி, காலம் குறிக்கப்படாவிட்டால் மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். ஏற்றுமதி செய்ய எண்ணும் நிறுவனத்துக்கு இது சிறு செய்தி அல்ல. வடிவமைப்பாளர்களுக்கும் சொல்கிறேன்: முழுத் தொகையையும் பெற்ற பிறகு அந்தப் பத்திரத்தைத் தாமதமின்றி எழுதிக் கொடுப்பது நம் கடமை.

வணிகக் குறியாகப் பதிவு செய்வது, 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் கீழ் வரும் தனி வேலை. கணினி வன்பொருள் 9ஆம் வகுப்பில் அடங்கும். சென்னையிலேயே பதிவலுவலகம் இருக்கிறது. இணையவழி விண்ணப்பத்துக்கு, தனிநபர்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் சிறு தொழில் நிறுவனங்களுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய் என 2017ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவலுவலகத்தின் பொதுத் தேடலில் 9ஆம் வகுப்பில் ஒத்த ஒலியும் ஒத்த உருவமும் உள்ள குறிகள் இருக்கின்றனவா என்று, அச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பொருளின் தன்மையை மட்டுமே சொல்லும் சொற்களுக்கு, அதாவது உறுதி, வலிமை என்று மட்டும் பொருள்படும் பெயர்களுக்கு, பதிவு கிடைப்பது கடினம். விண்ணப்பத்தில் இலச்சினையைக் கறுப்பு வெள்ளையிலேயே கொடுங்கள். வண்ண வரையறை இல்லாமல் பதிவான குறி எல்லா வண்ணங்களுக்கும் பதிவானதாகவே சட்டம் கருதுகிறது.

அச்சைப் பற்றி ஒன்று. வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடும் உரிமை பதிவு முடிந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவது சட்டத்துக்கு மாறானது. வணிகக் குறி என்பதன் ஆங்கிலச் சுருக்கமான டி.எம். என்று போடுவதற்கு அந்தத் தடை இல்லை. பதிவுச் சான்று வருவதற்கு மாதங்கள் ஆகும், எதிர்ப்பு வந்தால் ஆண்டுகளும் ஆகலாம். அச்சு உருக்கில் வெட்டப்பட்டுவிட்டால் ஓர் எழுத்தை மாற்றுவதும் பெருஞ்செலவு. ஆகவே இலச்சினை வரும் பகுதியை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய தனி இன்செர்ட்டாக அமைக்கும்படி, அச்சு செய்யும் பட்டறையான டூல் ரூமில் இப்போதே சொல்லிவிட்டு, அதில் குறியையும் பெயரையும் மட்டும் வெட்டச் செய்யுங்கள்.